கேட்டில் இருந்த எண்

அந்த ஆறு மாதத்தில் நான் வாங்கிக் குவித்த தக்காளியைக் கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்கே ரசம் வைத்திருக்கலாம். கல்யாணம் என்ற சொல் முதல் வரியிலேயே வந்திருக்க வேண்டாம். வந்துவிட்டது, இருக்கட்டும். தனியாக இருக்கிற ஒருத்திக்கு, அதுவும் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் கேண்டீனில் சாப்பிட்டுவிடுகிறவளுக்கு, வாரம் கால் கிலோ தக்காளி தாராளம். நான் ஒன்றுவிட்டு ஒரு நாள் அரைக் கிலோ வரவழைத்தேன். கொத்தமல்லிக் கட்டு, பல்பு, ஒரு பூட்டு, அது போதாதென்று இன்னொரு பூட்டு. எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. கேட்டைத் தாண்டி அவை மேலே வந்தன என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

எங்கள் கேட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்டின் எட்டு பிளாக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேட். பால்காரர் முதல் மாமியார் வரை யார் வந்தாலும் அங்கே நின்றாக வேண்டும். செக்யூரிட்டி தன் கையிலுள்ள போனில் வீட்டு எண்ணை அடிப்பார். அந்த வீட்டுக்கென்று பதிவு செய்த மொபைலுக்கு அழைப்பு போகும். இன்னார் வந்திருக்கிறார், விடலாமா? 'விடலாம்' என்று அமுக்கினால் உள்ளே விடுவார்கள். அமுக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு எண்தான். எங்கள் வீட்டுக்கு என் கணவரின் எண்.

ஆறேழு வருடத்துக்கு முன், கல்யாணமான கையோடு இங்கே வந்தோம். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், அதனால் கேட்டிலும் அவர் எண். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அவர் ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பார், போன் அடிக்கும், அமுக்குவார், எனக்கு ஒரு வரி அனுப்புவார்: 'பார்சல் வருது.' நான் கதவைத் திறப்பேன். எங்களுக்குள் பேச்சு குறைந்துபோன காலத்திலும் அந்த ஒரு வரி நிற்கவில்லை. கடைசி வருடத்தில் ஒரு நாளைக்கு நாங்கள் பேசிக்கொண்டதே அந்த 'பார்சல் வருது' மட்டும்தான் என்று சொன்னால் அது மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் உருப்படியான காரணம் இல்லை. அடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. ஆளுக்கொரு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உலகத்தில் உள்ளவர்களோடெல்லாம் பேசினோம், எங்களுக்குள் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று, "நாம தனித்தனியா இருக்கலாம்னு தோணுது" என்றார். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. "எனக்கு எப்பவோ தோணிடுச்சு" என்றேன். பொய். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ரோஷத்தில் வந்த பேச்சு அது. அடுத்த வாரம் இரண்டு சூட்கேஸோடு ஊரின் அந்தக் கோடிக்கு, அவருடைய ஆபீஸ் பக்கம் போய்விட்டார்.

ஐ.டி.யில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கணவன் வீட்டில் இல்லையென்றால் 'ஆன்சைட் போயிருக்கார்' என்று சொல்லிவிடலாம். கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். எந்த நாடு, எத்தனை மாதம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டில் ஜெர்மனி என்றேன். ஆரணியில் இருக்கும் அம்மாவிடமும் ஜெர்மனி என்றேன். மாப்பிள்ளைக்கு நேராகப் போன் போட அம்மாவுக்குக் கூச்சம், அது எனக்கு வசதியாகப் போயிற்று. "அங்க குளிராமே, ஸ்வெட்டர் வாங்கினாராடி?" என்று கேட்பாள். வாங்கினார் என்பேன். பதினெட்டு மாதம் அவரை ஜெர்மனியில் வைத்துக் காப்பாற்றினேன்.

பிரிந்து ஓராண்டு ஆனதும் இருவரும் சம்மதித்து விவாகரத்து மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. என் வக்கீல் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பெண்மணி. வீட்டில் கன்னடம், ஆனால் அல்சூரிலேயே வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். அழுவதற்கு இடம் கொடுக்காதவர். முதல் நாள் நான் மூக்கை உறிஞ்சியதும் என் பக்கம் ஒரு தாளை நகர்த்தினார். என் கணவர் பெயரும் எண்ணும் எங்கெங்கே இருக்கின்றன, எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்ற பட்டியல் அது. இன்சூரன்ஸ் நாமினி, கேஸ் கனெக்ஷன், வாடகை ஒப்பந்தம், ஆபீஸில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடம். கடைசி வரியில் அபார்ட்மெண்ட் கேட். "பெரிய பெரிய விஷயமெல்லாம் ஞாபகமா மாத்துவாங்க, கேட்ட மறந்துருவாங்க. உங்க வீட்டுக்கு யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு அவருக்குத் தெரியணுமா? முதல்ல அத மாத்துங்க" என்றார்.

ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆபீஸ் ஃபாரத்தில் அவசரத்துக்கு யாரை என்ற இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அம்மாவின் எண்ணைப் போட்டேன். ஆரணியிலிருந்து அம்மா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் என் அவசரம் தானாகவே தீர்ந்துவிடும், ஆனாலும் வேறு பெயர் எனக்கு அகப்படவில்லை. கேட்டை மட்டும் மாற்றவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மாற்றாமலேயே பட்டியலில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். செய்யாததைச் செய்ததாக யாராவது டிக் அடித்திருந்தால் கண்டுபிடித்து அவர்களை உண்டு இல்லை என்று ஆக்குவதுதான் பத்து வருடமாக என் பிழைப்பு.

மனுவை எடுத்துக்கொண்ட நீதிபதி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அன்றைக்கு இரண்டு பேரும் மறுபடி சம்மதம் என்று சொன்னால் முடிந்தது. நடுவில் ஒருவருக்கு மனம் மாறினாலும் போதும், மனு நின்றுவிடும். வெளியே வந்ததும் வக்கீல் உத்தரவு போட்டார். "இந்த ஆறு மாசம் நேரா மெசேஜ் வேணாம். சண்டையும் வேணாம், சமாதானமும் வேணாம். எதுவா இருந்தாலும் எங்க மூலமா வரட்டும்." அந்தப் பக்கத்து வக்கீலும் அதையே சொல்லியிருப்பார் போல. அவர் வீட்டை விட்டுப் போன பிறகும் வந்துகொண்டிருந்த 'பார்சல் வருது' அன்று மாலையோடு நின்றுபோனது.

கோர்ட்டில் ஒரு கவுன்சலரையும் பார்க்க வைத்தார்கள். நல்ல மனுஷி. "தினமும் யாரோட மனசு விட்டுப் பேசறீங்க?" என்று கேட்டார். காலையில் டீமோடு ஒரு மீட்டிங் இருக்கும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆபீஸ் தோழி ஒருத்தி, என்னைப் போன்ற பெண்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். தினமும் விடிந்ததும் ஒரு சூரியோதயப் படம், கீழே 'நீ ஒரு பெண் சிங்கம்' என்று எழுதியிருக்கும். எனக்குச் சிங்கமாகும் ஆசையெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை என்ன செய்வது என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. அதை அங்கே எழுதக் கூச்சமாக இருந்தது, சத்தமில்லாமல் வெளியேறினேன்.

வெள்ளிக்கிழமை கடைசி மீட்டிங்கை முடித்தால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்பதில்லை. ஒரு திங்கட்கிழமை எல்லோருக்கும் 'குட் மார்னிங்' சொல்ல வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். சளி என்றேன். போனை மியூட்டில் போட்டுவிட்டு 'குட் மார்னிங், குட் மார்னிங்' என்று சுவரைப் பார்த்து நாலு தரம் சொல்லிப் பழகினேன்.

அப்படியிருந்த ஒரு நாளில்தான், எப்போதோ சொல்லிவைத்த ஷாம்பூ பாட்டில் வாசலுக்கு வந்தது. வாங்கி வைத்துக் கதவைச் சாத்திய பிறகு திடீரென்று உறைத்தது. இது மேலே வந்திருக்கிறதென்றால் கேட்டில் விட்டிருக்கிறார்கள். கேட்டில் விட்டார்கள் என்றால் அவர் அமுக்கியிருக்கிறார். நகரத்தின் அந்தக் கோடியில், எந்த அறையிலோ, என் வீட்டு எண்ணைப் பார்த்துக் கட்டை விரலால் 'விடலாம்' என்று ஒரு தரம் தொட்டிருக்கிறார். மெசேஜ் போடக் கூடாது என்று வக்கீல்கள் சொன்னார்கள், இதைக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மறுநாள் தக்காளி வரவழைத்தேன்.

இதில் நான் எவ்வளவு தூரம் போனேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பால்கனியிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். டெலிவரி ஆள் வண்டியை நிறுத்துகிற நேரத்தையும் உள்ளே விடுகிற நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். காலையில் வந்தால் ஆறேழு நிமிஷம் ஆகும்: குளித்துக்கொண்டிருப்பார். மதியம் ஒரு நிமிஷம்: சாப்பிட உட்கார்ந்திருப்பார், போன் பக்கத்திலேயே இருக்கும். சாயங்காலம் மூன்று நிமிஷம்: டிராஃபிக்கில் இருக்கிறார். தீபாவளிக்கு முந்தின நாள் பதினோரு நிமிஷம் ஆயிற்று. அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரோடோ இருக்கிறார், என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தீபாவளியன்று இரண்டே நிமிஷம். புதுத் துணி இல்லாமலே எனக்குத் தீபாவளி ஆகிவிட்டது.

கேட்டில் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், ஓர் அக்கா நிற்பார். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற தமிழ்க்கார அக்கா, ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். போகிற வருகிற எல்லோரையும் போல என்னையும் "சாப்ட்டீங்களா மேடம்?" என்று கேட்பார். நான் ஹெட்போனைக் கழற்றாமலே தலையை ஆட்டிவிட்டுப் போவேன். எனக்கும் அவருக்கும் பழக்கம் அவ்வளவுதான்.

ஐந்து மாதம் தாண்டியது. நோட்டில் எழுபது எண்பது தடவைக்கு மேல் குறித்திருந்தேன். ஒரு தடவைகூட அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும், அதையும் சொல்லவில்லை. இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்கு நானே வாதாடினேன். வக்கீலுக்குப் போன் போட்டு, "நான் சம்மதம் சொல்லப் போறதில்ல மேடம். அவருக்கும் மனசு இல்ல" என்றேன்.

"அவர் சொன்னாரா?"

"சொல்லல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

தக்காளி மேலே வருகிறது என்று வக்கீலிடம் எப்படிச் சொல்வது? "பதினஞ்சு நாள் இருக்கு, யோசிங்க" என்று வைத்துவிட்டார். நான் யோசிக்கவில்லை. கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். "எனக்கு இன்னும் அவகாசம் வேண்டும்." நல்ல வேளை, அதற்காவது குரல் வந்தது.

அதற்கு அடுத்த நாள் மதியம் டெலிவரி ஆள் போன் செய்தார். கேட்டில் விடமாட்டேன் என்கிறார்களாம். இறங்கிப் போனேன். அக்கா இல்லை, ஒரு புது ஆள் நின்றிருந்தார். அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை, எடுக்காவிட்டால் விடக் கூடாது, அதுதான் ரூல் என்று இந்தியில் சொன்னார். சரி, ஏதோ வேலையாக இருப்பார் என்று பையை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வேண்டுமென்றே காலை, மதியம், மாலை என்று மூன்று பொருள் வரவழைத்தேன். மூன்றுக்கும் எடுக்கவில்லை.

ஐந்து மாதம் ஒரு தடவை தவறாதவர் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்றால் என்ன நினைப்பீர்கள்? நான் விபத்து என்று நினைத்தேன். வெளி வட்டச் சாலையில் பைக்கோடு விழுந்து கிடக்கிறார், எந்த ஆஸ்பத்திரியிலோ நினைவில்லாமல் இருக்கிறார், எனக்குச் சொல்லக்கூட ஆளில்லை. அவருடைய ஆபீஸ் ஃபாரத்திலும் என் பெயரை எடுத்திருப்பாரே. வக்கீலைக் கூப்பிட்டேன். "அவருக்கு ஏதோ ஆயிடுச்சு மேடம். தயவு பண்ணி விசாரிங்க." பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "நல்லா இருக்கார். இப்பதான் அவங்க வக்கீல்ட்ட பேசியிருக்கார். ஏன், என்ன ஆச்சு?" ஒன்றும் இல்லை என்றேன். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி ஒரு நிமிஷம்தான் இருந்தது. அப்படியென்றால் ஏன் எடுக்கவில்லை?

நாலாம் நாள் பால்கனியிலிருந்து பார்த்தபோது காக்கிச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மகளுக்குப் பிரசவம், பேரன் பிறந்திருக்கிறான், அதனால்தான் லீவு என்றார். நல்லாயிருக்கட்டும் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை எனக்கு. "நீங்க இல்லாதப்ப எங்க வீட்டுக்கு வந்ததையெல்லாம் நிறுத்திட்டாங்க. சார் ஏன் போன் எடுக்கலன்னு தெரியல" என்றேன்.

அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைச் செக்யூரிட்டி அறைக்குள் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். சாரு எப்பவுமே எடுக்கறதில்ல."

"எப்பவுமேன்னா?"

"அஞ்சாறு மாசமா. மொதல்ல ரெண்டு மூணு வாரம் போட்டுப் பாத்தேன். ரிங்கு போவும், எடுக்க மாட்டாரு. சில நாளு கட் பண்ணுவாரு, நானே உட்டுடுவேன். அப்புறம் நான் போடறதையே உட்டுட்டேன். இதுல 'போன்ல கேட்டாச்சு'ன்னு ஒண்ணு கீது பாருங்க, அத அமுத்திட்டு உள்ள உட்டுடுவேன்." கையிலிருந்த போனில் அந்த இடத்தைக் காட்டினார்.

"யார்கிட்ட கேட்டீங்க?"

"என்னையேதான் கேட்டுக்கினேன். தக்காளிக்கு இன்னா மேடம் கேக்கறது?"

காலையில் ஆறேழு நிமிஷம் ஆனது ஸ்கூல் வேன்கள் வரிசையில் நின்றதால். மதியம் ஒரு நிமிஷம், கேட் காலியாக இருந்ததால். தீபாவளிக்கு முந்தின நாள் எட்டு பிளாக்குக்கும் ஸ்வீட் பாக்ஸ் வந்து குவிந்ததால். என் நோட்டில் இருந்தது முழுக்க இந்த அக்காவின் ஒரு நாள் வேலை. எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. கோபப்பட வேண்டிய ஆள் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார், கைக்கெட்டிய தூரத்தில் அக்கா இருந்தார். "உங்கள யார் அப்படிப் பண்ணச் சொன்னது? அது உங்க வேலையா? நான் அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல கம்ப்ளெயிண்ட் பண்ணா என்ன ஆகும் தெரியுமா?" என்று கத்தினேன்.

அக்கா அசரவில்லை. "பண்ணுங்க. ஆனா சாரு ஃபாரின்ல இல்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஃபாரின்ல இருந்தா ரிங்கு வேற மாதிரி போவும். இது நம்ம ஊரு ரிங்கு. நீங்க எல்லார்கிட்டயும் ஜெர்மனிங்கறீங்க. செரி, நமக்கு இன்னா, ஒண்டியா இருக்கற பொம்பள, வரதயாச்சும் உள்ள உடுவோம்னு உட்டேன்."

மேலே வந்து கதவைச் சாத்தினேன். பிரிட்ஜைத் திறந்தால் கீழ்த் தட்டு முழுக்கத் தக்காளி, பாதி அழுகத் தொடங்கியிருந்தது. பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவர் போன அன்று நான் அழவில்லை, மனு கொடுத்த அன்று அழவில்லை. அந்த இரண்டு நாளிலும் அவர் போகிறார் என்று தெரிந்தாலும் எங்கேயோ ஒரு ஓரத்தில் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆறு மாதமாக அந்த வீட்டில் யாருமே இல்லை, நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன். பிரிட்ஜ் நெடுநேரம் திறந்தே கிடந்து பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அழுகாத தக்காளியையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்குக் கை வராத காரியம், பையை நீட்டினேன். அக்கா உள்ளே பார்த்துவிட்டு, "இம்மாந் தக்காளி எதுக்கு மேடம் வாங்கினீங்க?" என்றார். சொன்னேன். நோட்டு, நிமிஷக் கணக்கு, கோர்ட், ஆரணி, ஜெர்மனி எல்லாவற்றையும் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். நடுநடுவே வண்டி வந்தது, அக்கா எழுந்துபோய் விட்டுவிட்டு வந்து, "ம், சொல்லுங்க" என்பார்.

முடித்ததும், ஐயோ பாவம் என்று சொல்வார் என்று பயந்தேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. "எங்க ஊட்டுக்காரு போயி பதினோரு வருசம் ஆவுது. எங்களுக்குக் கோர்ட்டு கீர்ட்டு ஒண்ணும் இல்ல. போவும்போது சாவி ஒண்ணு எடுத்துனு போயிட்டான். வந்தா தெறந்துக்கட்டும்னு ரெண்டு வருசம் பூட்ட மாத்தாம வெச்சிருந்தேன் நானு."

"அப்புறம்?"

"அப்புறம் துருப்புடிச்சிப் போச்சி. வேற வாங்கிப் போட்டேன்" என்றார். "பேஜார் ஆவாதீங்க மேடம். இதுக்கெல்லாம் நாளு ஆவும்." ஏழு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வக்கீலிடம் சம்மதம் சொல்கிறேன் என்றேன். அதற்கு அடுத்த நாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவளுக்குப் பிரிந்ததைவிட ஜெர்மனிதான் பெரிய அதிர்ச்சி. "ஸ்வெட்டர் வாங்கினார்னு சொன்னியேடி" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அழுதாள். கோர்ட் முடிந்ததும் வருகிறேன் என்றாள், பொங்கலுக்குப் பிறகு வா என்றேன்.

கோர்ட்டில் அன்றைக்கு எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். சம்மதமா என்றார். சம்மதம் என்றேன். குரல் ஒரே தடவையில் வந்தது. அவரும் சொன்னார். கொஞ்சம் இளைத்திருந்தார், நான் பார்த்திராத ஒரு நீலச் சட்டை போட்டிருந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து, "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எண்பது தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து நேராக அபார்ட்மெண்ட் ஆபீஸுக்குப் போய்க் கேட்டில் எண்ணை மாற்றச் சொன்னேன். மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பழைய எண்காரர் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அவருக்கு ஒரு மெசேஜ் போகும், அதில் சரி என்று அமுக்கினால்தான் மாறும். "அவர் எடுக்க மாட்டார் சார். ஆறு மாசமா எதையும் எடுத்ததில்ல" என்றேன். "அனுப்பிப் பாப்போம் மேடம். ரெண்டு மூணு நாள் ஆகலாம்" என்று மெசேஜைத் தட்டிவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"இருங்க, இருங்க. வந்துருச்சு. சரின்னு குடுத்துட்டார்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் எழுந்த இடத்திலேயே நின்றேன். போன் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. எப்போதும் கையில்தான் இருந்திருக்கிறது. "ஈஸியா முடிஞ்சுது பாருங்க" என்று மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து, கோர்ட்டுக்குக் கட்டியிருந்த புடவையோடு சோபாவில் உட்கார்ந்தேன். நாலரை மணி இருக்கும். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை, எதையாவது வரவழைக்கலாமா என்று பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது. திரையில் 'மெயின் கேட்' என்று வந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த முதல் அழைப்பு. நான் எதுவும் வரவழைக்கவில்லை. யாராக இருக்கும் என்று ஒரு கணம் எனக்கு ஓடிய நினைப்பை இங்கே எழுத மாட்டேன்.

"யாருக்கா வந்திருக்காங்க?" என்றேன்.

"யாரும் வரல மேடம்" என்றார் அக்கா. "நம்பர் மாத்தியிருக்காங்கன்னு வந்திச்சு. உங்களுக்கு ரிங்கு போவுதான்னு போட்டுப் பாத்தேன்."

"போகுதுக்கா."

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. இருங்கப்பா என்று யாரையோ அதட்டிவிட்டு அக்கா மறுபடி போனுக்கு வந்தார்.

"ஒரே ரிங்குல எடுத்துட்டீங்களே மேடம்" என்றார்.